கொன்றவருக்கு எவ்வளவு, மறைத்தவருக்கு எவ்வளவு?

நீதிபதி "குற்றவாளி" என்று சொன்னதுமே வழக்கு முடிந்துவிட்டதாக இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்கிறது. இறந்தவர் வீட்டார் வராந்தாவுக்கு வந்து போன் போடுகிறார்கள். கூண்டில் நிற்பவர் வீட்டார் அழத் தொடங்குகிறார்கள். உள்ளே இன்னும் அரை மணி நேர வேலை மிச்சமிருக்கிறது. ஆயுளா, தூக்கா; பிணத்தை மறைக்க உதவியவருக்கு மூன்று வருடமா, ஏழா; அபராதத்தில் எவ்வளவு இறந்தவரின் பிள்ளைகளுக்குப் போகும் என்பதெல்லாம் முடிவாவது அந்த அரை மணியில்தான்.

சட்டம் இதைத் தனி விசாரணையாகவே வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2), இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2). குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு, தண்டனை பற்றி அவர் சொல்வதைக் கேட்டுத்தான் தண்டனை விதிக்க வேண்டும். நம் செஷன்ஸ் கோர்ட்டுகளில் இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது? நீதிபதி கேட்பார்: "தண்டனை பத்தி என்ன சொல்றீங்க?" கூண்டிலிருந்து பதில் வரும்: "வயசான அம்மா இருக்காங்கய்யா, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கய்யா, பாத்துக் கொறச்சுப் போடுங்கய்யா." அதை இரண்டு வரியில் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான், கேட்டாயிற்று. இந்த இரண்டு வரியை நாலு பக்கமாக்குவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் தேதியைப் பாருங்கள்

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டம். அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. தீர்ப்பு எந்த ஆண்டு வந்தாலும் கணக்கு சம்பவ நாளுக்குத்தான். கொலைக்கு அங்கே 302, இங்கே 103. தடயத்தை மறைத்ததற்கு அங்கே 201, இங்கே 238. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு அங்கே 212, இங்கே 249. கோர்ட் வளாகத்தில் இன்னும் பல வருடங்களுக்கு "302 கேஸ்" என்றுதான் பேசுவார்கள்; அதில் குழம்ப வேண்டாம். இந்த மூன்று பிரிவுகளிலும் தண்டனை அளவு மாறவில்லை. புதிதாக வந்தது 103(2): ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, இனம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்தால் கொன்றால் அந்தக் கும்பலில் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள்.

கொலைக்கு இரண்டே படி

கொலை நிரூபணமானால் நீதிபதியின் கையில் இருப்பது இரண்டு தண்டனைகள்தான்: மரண தண்டனை, ஆயுள் தண்டனை. கூடவே அபராதம். பத்து வருடம், பன்னிரண்டு வருடம் என்று கொலைக்கு விதிக்க வழியே இல்லை. வக்கீல் யாராவது "பேசி ஏழு வருஷத்துல முடிச்சிடலாம்" என்று சொன்னால், அவர் சொல்வது கொலை அல்லாத மரணம் விளைவித்தல் என்ற வேறு குற்றத்தைப் பற்றி. பழையதில் 304, புதியதில் 105. அந்தப் பேச்சுக்கு இடம் தண்டனை நாள் அல்ல, அதற்கு முந்தைய வாதம்.

ஆயுள் என்றால் பதினான்கு வருடம் என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அது தவறு. காந்தி கொலைச் சதியில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனார். ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான், விடுதலை கேட்க உரிமை என்று ஒன்றும் இல்லை என்று 1961-லேயே சொல்லிவிட்டார்கள். பதினான்கு என்ற எண் வந்தது வேறு வழியில். தூக்கும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, தண்டனைக் குறைப்புக் கழிவுகள் எதையும் சேர்க்காமல் பதினான்கு வருடம் உள்ளே இருக்கும்வரை, அரசு சாதாரண விதிகளின்படி முன்விடுதலை செய்யக் கூடாது என்பது பழைய நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ, இப்போதைய சுரக்ஷா சன்ஹிதாவில் 475. பதினான்கு முடிந்தால் பரிசீலனை உண்டு, கதவு திறக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆளுநரும் குடியரசுத் தலைவரும் அரசமைப்புச் சட்டப்படி வைத்திருக்கும் மன்னிப்பு அதிகாரம் இந்தக் கணக்குக்குள் வராது, அது தனி.

தூக்குக்கும் சாதாரண ஆயுளுக்கும் நடுவே மூன்றாவது படி ஒன்றை உச்ச நீதிமன்றம் கட்டியது. அதைக் கட்ட வைத்தது மறைத்தலும் கொலையும் பின்னிக் கிடந்த ஒரு பெங்களூரு வழக்கு. சுவாமி சிரத்தானந்தா என்று அழைக்கப்பட்டவர் 1991-இல் தன் மனைவியை மயக்க மருந்து கொடுத்துப் பெட்டியில் வைத்து வீட்டு வளாகத்திலேயே புதைத்தார். குழியும் மரப்பெட்டியும் முன்கூட்டியே தயாராக இருந்தன. மூன்று வருடம் அந்தப் பெண்ணின் மகளுக்கும் தாய்க்கும், அவர் அங்கே போயிருக்கிறார், இங்கே போயிருக்கிறார் என்று கதை சொல்லிக்கொண்டே அதே வீட்டில் இருந்தார். உடல் தோண்டி எடுக்கப்பட்டது 1994-இல். கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தூக்கு என்றன. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2008-இல், தூக்கு வேண்டாம், ஆனால் பதினான்கு வருடத்தில் வெளியே விடுவதும் நியாயமில்லை என்று சொல்லி, உயிர் உள்ளவரை விடுதலையே இல்லாத ஆயுளை விதித்தார்கள்.

இந்த நடுப்படி செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு 2015 டிசம்பரில் உறுதிசெய்தது ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதி முருகன் என்ற ஸ்ரீகரன் பெயரில் உள்ள வழக்கில். அதில் ஒரு கட்டுப்பாடும் வைத்தார்கள்: கழிவு இல்லாமல் இருபது, முப்பது வருடம் என்றோ உயிர் உள்ளவரை என்றோ விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டும். கொலைக்கு செஷன்ஸ் நீதிபதி "முன்விடுதலை கூடாது" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணம். தீர்ப்பு நகலில் முதலில் அதைத் தேடுங்கள்.

தூக்கைப் பற்றி நீட்ட வேண்டாம். 1980-இன் பச்சன் சிங் தீர்ப்புக்குப் பிறகு ஆயுள்தான் விதி. அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு. அதற்கும் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது.

மறைத்தவர்கள் வரிசை

கொலை வழக்கின் குற்றப்பத்திரிகையில் ஏ1, ஏ2-வோடு நிற்காமல் ஏ7, ஏ8 வரை பெயர்கள் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மறைத்தல்தான். குடும்பமே உள்ளே போவதும் இதனால்தான். கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வரப்புத் தகராறில் அண்ணன் அரிவாளால் வெட்டுகிறான். தம்பி, வெட்டுப்படுகிறவரின் கைகளைப் பிடித்துக்கொள்கிறான். சத்தம் கேட்டு வந்த சித்தப்பா தன் குட்டியானை வண்டியில் உடலை ஏற்றிக் கிணற்றில் தள்ள உதவுகிறார். அம்மா ரத்தத்தின் மேல் சாணி கரைத்துத் தெளித்து வாசலைக் கழுவிவிடுகிறார். அண்ணி, கறைபட்ட லுங்கியை அடுப்பில் போடுகிறாள். பத்தொன்பது வயது மச்சினன், அரிவாளைக் கொண்டுபோய்க் கண்மாயில் வீசுகிறான். இரண்டு நாள் கழித்து அண்ணனை அத்தை வீட்டில் ஒளித்து வைக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

தண்டனை நாளில் இந்த எட்டுப் பேரையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசுவது அரசுத் தரப்புக்கு வசதி. பிரித்துப் பேசுவது உங்கள் வேலை. பிரிக்கும் கோடு ஒன்றுதான்: உயிர் போவதற்கு முன்பு சேர்ந்தாரா, போன பிறகு சேர்ந்தாரா?

தம்பி முன்பே சேர்ந்தவன். அவன் அரிவாளைத் தொடாவிட்டாலும் பொது எண்ணத்தோடு செய்ததாக அவனும் கொலைக் குற்றவாளி. அண்ணனுக்கு உள்ள அதே தூக்கு அல்லது ஆயுள்தான். சித்தப்பா அப்படியல்ல, வெட்டு முடிந்த பிறகு வந்தவர். அவர் மீது 238 மட்டும்தான் நிற்கும். உச்சம் ஏழு வருடமும் அபராதமும். அவரே முதல் நாள் இரவு "நீ முடிச்சிடு, நான் வண்டியோட நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் கதை மாறிவிடும். வேலை அதே வேலைதான், வண்டியும் அதே வண்டிதான். ஆனால் முன்கூட்டிப் பேசியதால் அது கூட்டுச் சதி, கொலைக்கு உரிய தண்டனை.

இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக் காட்டிய வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. உச்ச நீதிமன்றம் 1999 மே 11-இல் நால்வருக்கு மட்டும் தூக்கை வைத்துக்கொண்டது, மூவருக்கு ஆயுள். மீதி 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. அவர்களில் சிலர் மீது நிரூபணமான வேறு சிறு குற்றங்களின் தண்டனைக் காலம் சிறையிலேயே கழிந்துவிட்டதால் வெளியே போகலாம் என்றது. அந்தத் தீர்ப்பில் நம் வேலைக்கு உதவும் கருத்து இது: சதியின் நோக்கம் நிறைவேறிவிட்ட பிறகு, தலைமறைவானவருக்கு இடம் கொடுப்பது போன்ற செயல் சட்டவிரோதமாக இருக்கலாம், ஆனால் அதற்காக மட்டும் ஒருவர் சதியில் பங்காளி ஆகிவிட மாட்டார். தூக்குக் கயிற்றுக்கும் சில வருடச் சிறைக்கும் நடுவே நிற்கும் வாதம் இது.

இனி அம்மா, அண்ணி. மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ அடைக்கலம் கொடுத்தால் 249 பாயாது. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. பெற்ற தாய்க்கு அந்த விலக்கு கிடையாது. கொலை செய்தது தெரிந்தே, தண்டனையிலிருந்து தப்ப வைக்க, மகனை வீட்டுப் பரணில் ஒளித்துச் சோறு போட்டால் அம்மாவுக்கு ஐந்து வருடம் வரை போகலாம். அதே வேலையைச் செய்த மருமகளுக்கு ஒன்றும் இல்லை. அத்தைக்கும் விலக்கு இல்லை. ஆனால் மருமகள் தப்பித்தது அடைக்கலத்திலிருந்து மட்டும்தான். லுங்கியை அடுப்பில் போட்டது தடயத்தை அழித்த செயல், 238. அதில் மனைவி என்ற சலுகை எதுவும் இல்லை. பாசத்தைச் சட்டம் இப்படிப் பாதி ஒப்புக்கொண்டு பாதி தள்ளிவைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாய்க்கு ஒரு நியாயம், தாரத்துக்கு ஒரு நியாயம். ஆனால் சட்டம் இதுதான்.

மச்சினனுக்குப் பத்தொன்பது வயது என்பதைக் கவனித்தீர்களா? நன்னடத்தைச் சட்டம், 1958-இன் கீழ், இருபத்தொரு வயது நிரம்பாதவரை ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிபதி கேட்டுப் பார்க்க வேண்டும். சிறைதான் தேவை என்றால் காரணம் எழுத வேண்டும். கொலைக்கு இந்தச் சட்டம் உதவாது. வெறும் 238-க்கு உதவும். கொலை வழக்கு என்ற பெயரைக் கேட்டதுமே வக்கீல்கள் பலர் இந்த மனுவைப் போட மறந்துவிடுகிறார்கள். சம்பவத்தன்று பதினெட்டு நிரம்பவில்லை என்றால் வழக்கே வேறு. இளைஞர் நீதிச் சட்டத்துக்குப் போய்விடும். அந்தக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு வந்த பிறகும்கூட, எழுப்பலாம். பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

எதிர்வீட்டுக்காரருக்கு வருவோம். கொலை நடந்தது தெரிந்தால் தகவல் சொல்வது சட்டக் கடமை. வேண்டுமென்றே சொல்லாமலிருந்தால் 239-இன்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. காவல்துறைக்கு அவர் குற்றவாளியாக நிற்பதைவிடச் சாட்சியாக நிற்பதே பயன் என்பதால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கொண்டுபோவார்கள்.

அண்ணன் உடலைக் கிணற்றில் தள்ளவும் கை கொடுத்திருந்தால், கொலைக்கு ஒன்று, மறைத்ததற்கு ஒன்று என இரண்டு தண்டனையும் அவனுக்கு உண்டு. கொன்றவர் மீது 201 போட முடியாது என்ற பழைய வாதத்தை உச்ச நீதிமன்றம் 1953-இல் கலாவதி வழக்கிலேயே தள்ளிவிட்டது.

மறைத்தவருக்காக வாதாடுபவர் மூன்று இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று, குற்றமே நடந்தது என்று நிரூபணமாகியிருக்கிறதா? 1952-இன் பல்விந்தர் கவுர் வழக்கில் கணவரின் உடல் டிரங்குப் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கிணற்றில் கிடந்தது. பார்ப்பவருக்கு இதைவிடச் சந்தேகம் வேறென்ன வேண்டும்? ஆனாலும் அவர் சயனைடு கொடுத்துக் கொல்லப்பட்டார் என்பதே உறுதியாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் மனைவியை 201-இலிருந்தும் விடுவித்தது. பெட்டி கிடைத்தது போதாது, பெட்டிக்குள் இருப்பவர் குற்றத்தால் செத்தார் என்பது வேண்டும். இரண்டு, அவருக்குத் தெரியுமா? வண்டி கொடுத்த சித்தப்பாவிடம் "மாட்டுத் தீவனம் ஏத்தணும்" என்று சொல்லித்தான் சாவி வாங்கினார்கள் என்றால் 238 நிற்காது. மூன்று, நோக்கம். குற்றவாளியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா, அல்லது பயத்தில் வாயையும் வாசலையும் மூடினாரா?

இன்னொரு சூட்சுமம் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. 238-இன் ஏழு வருட உச்சம், மறைக்கப்பட்ட குற்றம் தூக்குக்கு உரியதாக இருந்தால்தான். அண்ணன் மீதான கொலை, மேல்முறையீட்டில் 105-ஆகக் குறைக்கப்பட்டால், மறைத்தவர்களின் உச்சமும் மூன்று வருடமாகத் தானே இறங்க வேண்டும். அண்ணன் மட்டும் மேல்முறையீடு செய்து, மறைத்தவர்கள் "எங்களுக்குச் சின்ன தண்டனைதானே" என்று சும்மா இருந்துவிட்டால் அந்த இறக்கம் அவர்களைத் தேடி வராது. எல்லோரும் மேல்முறையீடு செய்யுங்கள்.

மூன்று என்ற எண்ணுக்கு வேறொரு மகத்துவமும் உண்டு. பிணையில் இருக்கும் ஒருவருக்கு மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை விதிக்கப்பட்டால், மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்து அதே கோர்ட்டே தண்டனையை நிறுத்திவைத்துப் பிணையில் விடலாம். மூன்று வருடம் ஒரு மாதம் என்றால் அன்று மாலையே சிறை வேன். வயதான அம்மாவுக்காக வாதாடும்போது நீதிபதியிடம் இந்த வேறுபாட்டை நேரடியாகவே சொல்லுங்கள்.

காக்கிச் சட்டை மறைத்தால்

குடும்பத்தார் மறைப்பதைக் கோபத்தோடாவது புரிந்துகொள்ளலாம். விசாரிக்க வேண்டியவர் மறைத்தால்? விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட கண்ணகியையும் முருகேசனையும் விஷம் ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு பதிந்தபோது, முருகேசனின் சொந்தத் தந்தை உட்பட தலித் தரப்பினரையும் கொலையாளிகளாகக் காட்டினார்கள். பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சிபிஐ விசாரித்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கும், தந்தையும் இரண்டு காவல் அதிகாரிகளும் உட்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது.

அந்த அதிகாரிகள் யாரையும் கொல்லவில்லை. ஒருவருக்கு ஆயுள் நிலைத்ததற்குக் காரணம், பட்டியல் சாதியினர் மீது தூக்குக்கு உரிய குற்றத்தைச் சுமத்தப் பொய்ச் சான்று உருவாக்கினால் ஆயுள் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்வதுதான். 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் அண்ணனின் தூக்கை ஆயுளாக்கியது. பொய்ச் சான்று உருவாக்கிய குற்றம் பொருந்தாத மற்றோர் அதிகாரியின் தண்டனையை இரண்டு வருடமாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. ஒரே ஸ்டேஷன், ஒரே வழக்கு. ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு இரண்டு வருடம். யார் எதை எழுதினார், எதில் கையெழுத்துப் போட்டார் என்பதைத் தனித்தனியாக நிரூபிப்பதன் பலன் அது. உங்கள் வழக்கில் காவலர் மறைத்ததாகச் சந்தேகம் இருந்தால், முதல் நாளிலிருந்தே புகார் மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தண்டனைக் கேள்விக்கு என்ன கொண்டுபோவது?

கோரமாக மறைத்ததால் கொலையும் கோரமானது என்று அரசுத் தரப்பு வாதிடும். இதற்குப் பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1952 ஆகஸ்டில் காணாமல் போன பேனா வியாபாரி ஆளவந்தாரின் தலையில்லாத உடல், இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில். ஊரே பேசிய அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது பிரபாகர மேனனுக்கு ஏழு வருடம், மனைவி தேவகிக்கு மூன்று வருடம். செத்த பிறகு உடலுக்குச் செய்தது வேறு, சாகடித்த விதம் வேறு. மறைத்ததற்குத் தனித் தண்டனை இருக்கும்போது அதே செயலைக் கொலைத் தண்டனையிலும் ஏற்றுவது இரட்டைக் கணக்கு. பெங்களூரு வழக்கில் நிலைமை வேறு: அங்கே பெட்டியும் குழியும் கொலைக்கு முன்பே தயாரானதால் அவை திட்டமிடலைக் காட்டின. மறைக்கும் ஏற்பாடு எப்போது தொடங்கியது என்ற கேள்வி இங்கும் வந்து நிற்கிறது, பாருங்கள்.

கண்ணீர் மட்டும் போதாது, காகிதம் வேண்டும். சிறை நடத்தை அறிக்கை, உள்ளே படித்த படிப்பின் சான்று, மருத்துவச் சீட்டு, மனநல சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ஆவணம், குடும்ப வருமானம், முன்வழக்கு இல்லை என்பதற்கான சான்று. தூக்கு விதிக்கப்படலாம் என்ற வழக்கில் சிறை அறிக்கையையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையையும் மனநல மதிப்பீட்டையும் கோர்ட்டே வரவழைக்க வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் 2009-இல் ஏழு வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற சுந்தர்ராஜனின் தூக்கை உச்ச நீதிமன்றமே 2013-இல் உறுதிசெய்திருந்தது. அதே நீதிமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி திறந்து, கழிவில்லாத இருபது வருட ஆயுளாக மாற்றியது. குற்றம் அப்படியே நிரூபணமாக நின்றது. அவரது சூழல் எதையும் கீழே யாரும் முறையாக விசாரிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. ஒரே ஆண் பிள்ளையைக் கொன்றார் என்பது முந்தைய தீர்ப்பில் தண்டனையைக் கூட்டும் காரணமாகப் பேசப்பட்டிருந்தது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது எடையாகாது என்று அதையும் திருத்தினார்கள்.

தயாராக நேரம் வேண்டுமென்றால் தண்டனைக் கேள்வியை வேறு தேதிக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இறந்தவர் வீட்டாருக்கு

உங்களுக்கும் இந்த அரை மணியில் வேலை இருக்கிறது. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தனி வக்கீல் வைத்துக்கொள்ளவும், கோர்ட்டின் அனுமதியோடு எழுத்துமூல வாதம் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அபராதத்திலிருந்தோ தனியாகவோ இழப்பீடு தரச் சொல்லும் அதிகாரம் சுரக்ஷா சன்ஹிதாவின் 395-இல். அது போதாதென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைக்கும் வழி 396-இல். இழப்பீடு பற்றிக் கோர்ட் யோசித்தே தீர வேண்டும் என்று 2013-இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் சொல்லப்பட்டிருந்தும், யாரும் கேட்காவிட்டால் பல தீர்ப்புகளில் அந்தப் பத்தியே இருப்பதில்லை. வாரிசுச் சான்றிதழ், இறந்தவரின் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது, இவற்றோடு ஒரு மனுவைத் தண்டனை நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஒன்றைக் கசப்போடுதான் சொல்ல வேண்டும்: தண்டனை குறைவு என்று மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை. விடுதலை, குறைந்த குற்றத்துக்கு மாற்றியது, போதாத இழப்பீடு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். ஆயுளைத் தூக்காக்கவோ, மறைத்தவரின் ஒரு வருடத்தை ஐந்தாக்கவோ அரசுதான் போக வேண்டும். அரசிடம் மனு கொடுத்து வற்புறுத்தலாம். இல்லையேல் சீராய்வு மனுவோடு உயர் நீதிமன்றத்தைத் தட்டலாம். ஆனால் மறைத்தவர் முழுக்க விடுதலையானால் உங்கள் கையில் உரிமை இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

கணக்கு வரிகள்

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் "ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கொலைக்கான ஆயுளுக்குள்ளேயே மறைத்ததற்கான வருடங்களும் ஓடிவிடும். பல கொலைகளுக்குப் பல ஆயுள் விதித்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, மனிதனுக்கு ஓர் ஆயுள்தானே என்று 2016-இல் முத்துராமலிங்கம் என்ற தமிழ்நாட்டு வழக்கில் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது. ஆனால் குறிப்பிட்ட வருடத் தண்டனையை முதலில் முடித்துவிட்டு ஆயுளைத் தொடங்கச் சொல்லலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அப்படி எழுதியிருந்தால் முன்விடுதலைக் கணக்கு அத்தனை வருடம் தள்ளிப்போகும். அபராதம் கட்டத் தவறினால் அனுபவிக்கும் சிறை எதனோடும் ஏக காலத்தில் சேராது. ஆகவே அபராதத்தைக் கட்டிவிட்டு ரசீதைச் சிறைக்குச் சேர்த்துவிடுங்கள். விசாரணைக் கைதியாகக் கழித்த நாட்கள் சுரக்ஷா சன்ஹிதாவின் 468-இன்படி கழிக்கப்பட வேண்டும். மறைத்தவர்கள் பலருக்கு அந்தக் கழிவே தண்டனையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நாட்களின் எண்ணிக்கை சிறை வாரண்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றே பெஞ்ச் கிளார்க்கிடம் சரிபாருங்கள்.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம், உடனே தர வேண்டும். செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள். தூக்கு என்றால் 30 நாள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டைக் கொடுக்கலாம். சட்டப்பணிகள் குழு வக்கீலை நியமிக்கும். மாவட்டத்தைப் பொறுத்து மதுரைக் கிளை அல்லது சென்னை. வீட்டார் ஒருவர் அன்று மாலையே நகல் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.